சபாநாயகர் ஆசனமும் தோட்டத் தொழிலாளர் வாக்கும்: சப்ரகமுவ அரசியல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சப்ரகமுவ மாகாணத்தின் அரசியல் வரலாறு பெரும்பாலும் வளவுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மீதெனிய, மொலமுறே, ரத்வத்தை முதலிய குடும்பங்களின் ஏற்றங்களும் இறக்கங்களுமே மாகாணத்தின் ஏற்ற இறக்கங்களாகக் கொள்ளப்பட்டன. அதே மாகாணத்தில் நிவித்திகல, பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, எட்டியாந்தோட்டை எனப் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் இவ்வரலாற்றில் எண்ணிக்கையாகவோ அன்றேல் 'பிரச்சினை'யாகவோ மட்டும் தோன்றி மறைகின்றனர். இவ்விரு வரலாறுகளும் தனித்தனியானவை அல்ல என்பது எமது கருத்து. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடமொன்றினை இக்கட்டுரையிற் காட்ட முயல்கின்றோம். அவ்விடம் கொழும்பிலே, சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆசனமாகும்.

அவ்வாசனத்தில் இருமுறை அமர்ந்தவர் அலெக்சாந்தர் பிரான்சிஸ் மொலமுறே. 1931 இல் அரசாங்க சபையின் முதலாவது சபாநாயகர் அவரே. 1947 இல் பிரதிநிதிகள் சபையின் முதலாவது சபாநாயகரும் அவரே. இவ்விரண்டுக்கும் இடையில், கையாடற் குற்றத்துக்காக நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுப் பதவியிழந்த காலமொன்று உண்டு. அவரது வீழ்ச்சியை எடுத்துரைப்போர் அதனை ஒரு தனிமனிதனின் தவறாக எடுத்துரைத்து அமைவர். அவரைப் போற்றுவோர் அதனைப் பேசாது விட்டுவிடுவர். எமக்கு வீழ்ச்சியைக் காட்டிலும் மீட்சியே ஆராயத்தக்கதாகத் தோன்றுகின்றது.

டொனமூர் யாப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. இருபத்தொரு வயதடைந்த ஆணும் பெண்ணும், சொத்தோ கல்வியோ தடையாகாமல், வாக்களிக்கலாயினர். எனினும் வாக்குரிமை வந்தவுடன் வளவுகளின் ஆதிக்கம் சரிந்துவிடவில்லை. கண்டிய மாகாணங்களில் ரட்டே மகாத்மயாக்கள் அரசாங்கத்தின் வரிசையான ஊழியர் மாத்திரமல்லர்; நிலத்தையும், வழக்கையும், திருமணத்தையும், சாட்சியத்தையும் தம் கைக்குள் வைத்திருந்த உள்ளூர் ஆட்சியாளருமாவர். பிரித்தானியர் அவர்களுக்கு அதிகார் முதலிய பழைய பட்டங்களைப் புதுக்கி வழங்கினர். 1931 தேர்தலில் ருவன்வெல்லையில் ஜே. எச். மீதெனிய அதிகார் போட்டியின்றித் தெரிவானார். தெதிகமையில் அவரது மருமகனான மொலமுறேயும் போட்டியின்றியே தெரிவானார். 1920 களில் சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தவர் அவர். எல்லோருக்கும் வாக்கு வழங்கப்பட்ட முதற் தேர்தலிலேயே, கேகாலை மாவட்டத்தின் இவ்விரு தொகுதிகளிலும் எவரும் வாக்களிக்க வேண்டிய தேவை எழவில்லை.

இக்குடும்ப வலையின் விரிவைச் சற்று நோக்குதல் தகும். மீதெனியவின் ஒரு மகளை மணந்தவர் மொலமுறே. மற்றொரு மகளை மணந்தவர் டி. ஆர். விஜேவர்தன. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அமைத்து, 1932 இல் 'தினகரன்' நாளிதழையும் தொடங்கியவர் அவரே. நிலம், நிருவாகம், சட்டமன்றம், அச்சகம் ஆகிய நான்கும் ஒரே உறவுமுறைக்குள் அடங்கியிருந்தன. மீதெனிய அதிகார் தேர்தலின் பின் சில மாதங்களில் இறந்தபோது, ருவன்வெல்லை இடைத்தேர்தலில் 1931 நவம்பரில் வெற்றி பெற்றவர் அவர் மகள் அடலின் மொலமுறே. இலங்கைச் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதற் பெண்மணி அவர். பெண்விடுதலை வரலாற்றில் அந்நிகழ்ச்சிக்கு உரிய இடத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தந்தையின் தொகுதி மகளுக்குச் சென்றது என்பதும், கணவர் சபாநாயகராக அமர்ந்த சபைக்கே மனைவி உறுப்பினராக வந்தார் என்பதும் அதே நிகழ்ச்சியின் மறுபக்கங்களாகும்.

1931 ஜூலையில் கூடிய அரசாங்க சபையில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினருக்கு ஐம்பது இடங்கள் இருந்தன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பினால் வடபுலத்தின் நான்கு இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. மலையகத்திலிருந்து அற்றனில் பெரி. சுந்தரமும், தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கமும் வந்திருந்தனர். வடக்குத் தமிழர் வாயிலுக்கு வெளியே நின்ற அச்சபையே மொலமுறேயைச் சபாநாயகராக்கியது. சபாநாயகர் பதவி, அரசாங்க சபையில் இருந்த ஏனைய பதவிகளைவிட வேறுபட்டது. அமைச்சர்கள் ஏழு நிருவாகக் குழுக்களின் தலைவர்களாக இருந்தனர். கட்சியொழுங்கு என்பது இருக்கவில்லை. ஐம்பது தனிமனிதர் ஐம்பது வழியே இழுக்கும் சபையில், நடுவு நிலை என்ற ஒன்று எங்கேனும் உறைய வேண்டுமாயின் அது அவ்வாசனத்திலேயே உறைய வேண்டியிருந்தது. சபையின் நம்பிக்கை முழுவதும் அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்தது எனலாம்.

அந்த நம்பிக்கை 1934 இல் முறிந்தது. கையாடற் குற்றத்துக்குத் தீர்ப்பளிக்கப்பட்டதோடு, அவ்வாண்டு டிசம்பரில் சபாநாயகர் பதவி அவரை விட்டு நீங்கியது; தெதிகமை உறுப்புரிமையும் நீங்கியது. எவ். ஏ. ஒபேசேகர அவரிடத்துக்கு வந்தார். அவருக்குப் பின், 1936 இல், யாழ்ப்பாணத்துச் சேர். வைத்திலிங்கம் துரைசுவாமி அவ்வாசனத்தில் அமர்ந்து 1947 வரை அதனை வகித்தார்.

கையாடல் என்னும் குற்றத்தின் இயல்பை இங்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை களவையும் நம்பிக்கை மோசடியையும் வெவ்வேறாக வகுக்கின்றது. களவில், பொருள் உடையவனின் இசைவின்றியே அவனிடமிருந்து எடுக்கப்படுகின்றது. நம்பிக்கை மோசடியிலோ, உடையவனே பொருளை ஒப்படைக்கின்றான்; பெற்றவன் அதனை நேர்மையின்றித் தனதாக்கிக் கொள்கின்றான். ஆதலால் இக்குற்றத்தைச் செய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. பிறர் பொருள் தம்மிடம் ஒப்படைக்கப்படும் நிலையில் உள்ளவருக்கே அது கிட்டும். மரணசாசனங்களை நிறைவேற்றுவோர், வயதுவராதோரின் சொத்துக்குப் பாதுகாவலர், விகாரை, தேவாலைக் காணிகளின் பொறுப்பாளர் என, அக்காலக் கண்டிய உயர்குடியினரின் அன்றாட வாழ்வே பெருமளவுக்குப் பிறர் சொத்தைக் கைக்கொண்டு நடத்தும் வாழ்வாக இருந்தது. பௌத்த கோயிற் சொத்துக்கள் பற்றி 1889 இலும், 1905 இலும், மீண்டும் 1931 இலும் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட வேண்டியிருந்தமை, அப்பொறுப்பாளரின் கணக்கு வழக்கு எவ்வாறிருந்தது என்பதற்குச் சான்றாகும். மொலமுறேயின் வழக்கைக் கோயிற் சொத்துடன் தொடர்புபடுத்துவது எமது நோக்கமன்று. அக்குற்றம் எவ்வகைச் சமூகத் தளத்திலே முளைக்கின்றது என்பதனையே சுட்டுகின்றோம்.

ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று கூறும்போது, தோட்டங்களில் நடந்ததனையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் கூலி நெடுங்காலம் அவன் கைக்கு நேரே வரவில்லை. பெரிய கங்காணியின் கைவழியே வந்தது. கடல் கடந்து வருவதற்கான செலவு, அரிசி, கம்பளி, ஊருக்கு அனுப்பியது, அனுப்பாதது எல்லாம் அவன் பேரில் கடனாக எழுதப்பட்டன. அக்கடன் தொகையைக் குறித்த 'துண்டு' இன்றி வேறொரு தோட்டத்தில் அவன் பேர் பதிய முடியாது. துண்டைக் கொடுத்து அவனை மறு தோட்டத்துக்கு அனுப்பும்போது அவன் கடனும் அவனோடு கைமாறியது. கணக்கு யார் எழுதினார், எவ்வாறு எழுதினார் என்று கேட்பதற்கு அவனுக்கு எழுத்தறிவும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. மாறாக, 1865 ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுச் சென்றவன் குற்றவாளியாகிச் சிறை செல்ல நேர்ந்தது. துண்டுமுறை 1921 இலேயே ஒழிந்தது. ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்ற ஏற்பாடும் அதனையொட்டிய காலத்திலேயே நீங்கியது. அதாவது, சொந்தக் கூலிக்குக் கணக்குக் கேட்க முடியாதவனைச் சட்டம் குற்றவாளியாகக் கருதிய காலம் முடிந்து ஒரு பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின்தான், பிறர் பணத்துக்குக் கணக்குக் காட்ட முடியாத சபாநாயகர் ஒருவரைச் சட்டம் தண்டித்தது. தண்டித்தது என்பதற்காக அன்றைய நீதித்துறையைப் பாராட்டவும் வேண்டும். பதவியின் உயரம் அவரைக் காக்கவில்லை.

ஆனால் எது காத்தது? 1934 இன் இறுதி மாதங்களிலே கேகாலை மாவட்டத்தில் மலேரியாக் கொள்ளைநோய் மூண்டது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய அவ்வாண்டிற் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீடித்த அந்நோயினால், நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கொடிய அழிவைக் கண்ட இடங்களுள் கேகாலை முதன்மையானது. சபாநாயகர் வீழ்ந்ததும், அவரைப் போட்டியின்றி அனுப்பிய கிராமங்களில் பிணங்கள் விழுந்ததும் ஒரே பருவத்தில் நிகழ்ந்தன. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் மருந்தும் உணவும் கொண்டு அக்கிராமங்களுக்குச் சென்றனர். பருப்புப் பகிர்ந்ததனால் 'பருப்பு மாத்தயா' என்று கிராமத்தார் அழைத்த கலாநிதி என். எம். பெரேரா, 1935 டிசம்பரில் தோன்றிய லங்கா சமசமாசக் கட்சியின் சார்பில் 1936 தேர்தலில் ருவன்வெல்லையில் நின்று வென்றார். மீதெனிய அதிகாருக்கும் அவர் மகளுக்கும் உரியதாக இருந்த தொகுதி அது. தெதிகமையிலோ டட்லி சேனநாயக்க வென்றார். ஒரு தொகுதி வளவிலிருந்து இடதுசாரிகளிடம் சென்றது. மற்றது ஓர் உயர்குடியிலிருந்து இன்னோர் உயர்குடிக்குச் சென்றது. மாற்றத்தின் அளவும் அதன் எல்லையும் இவ்விரு முடிவுகளிலேயே தெரிகின்றன. கையாடல் வழக்கு வளவு அரசியலைச் சாய்க்கவில்லை. ருவன்வெல்லையில் அதனை அசைத்தது நோய்க்காலத்தில் மக்களிடம் சென்ற அரசியலே.

மொலமுறே ஒன்பது ஆண்டுகளில் மீண்டார். 1943 இல் இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடைத் தொகுதியிலிருந்து அவர் அரசாங்க சபைக்கு மறுபடியும் வந்தார். அதே ஆண்டிலேதான் எல். எம். டி. டி சில்வா தலைமையிலான இலஞ்ச விசாரணை ஆணைக்குழு, அச்சபையின் உறுப்பினர் சிலர் இலஞ்சம் பெற்றனர் எனத் தன் அறிக்கையில் வெளியிட்டது. அச்சூழலில், பழைய குற்றத்துக்குரிய தண்டனையைப் பெற்று மீண்ட ஒருவர் அத்துணை வேறுபட்டவராகத் தோன்றாதிருந்திருக்கலாம். 1947 இல் அவர் பலாங்கொடையிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். ஒக்டோபர் 14 இல் சபை கூடியபோது சபாநாயகராக்கப்பட்டார். பின்னர் 'சேர்' பட்டமும் பெற்றார். அவர் மனைவி செனற் சபையில் உறுப்பினராகி, அச்சபையின் உப தலைவர் பதவிவரை உயர்ந்தார்.

தவறிழைத்துத் தண்டனை பெற்ற ஒருவன் வாழ்நாள் முழுவதும் குடியியல் உரிமையற்றவனாக இருத்தல் வேண்டும் என நாம் கருதவில்லை. சோல்பரி யாப்பும் அவ்வாறு கருதவில்லை. மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை அனுபவித்து முடித்தவன் குறித்த ஏழாண்டுகளுக்குப் பாராளுமன்ற உறுப்பினனாக முடியாது என 1946 ஆம் ஆண்டின் யாப்புக் கட்டளை விதித்தது. ஏழாண்டு கழிந்தால் வாயில் மீண்டும் திறக்கும். குற்றம் இன்னது என வரையறுத்து, நீதிமன்றத்தில் நிறுவி, இழப்பின் காலத்தையும் எண்ணி வைத்த இவ்விதி நாகரிகமான விதியே. இவ்விதியின் பயன் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே எமது வினா.

டொனமூர் யாப்பின் கீழ்த் தோட்டத் தொழிலாளர் எல்லோரும் வாக்காளராகவில்லை. நிலையான வதிவினையோ அல்லது ஐந்தாண்டு வதிவோடு கூடிய சான்றிதழையோ காட்ட வேண்டியிருந்தது. அவ்வாறிருந்தும் 1931 இல் ஏறத்தாழ 100,000 ஆக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை 1939 இல் ஏறத்தாழ 225,000 ஆக உயர்ந்தது. இவ்வுயர்ச்சி தென்னிலங்கை அரசியல்வாதிகளை அச்சுறுத்தியது. பதிவு விதிகள் இறுக்கமாகக் கையாளப்பட்டதனால் 1943 இல் அத்தொகை ஏறத்தாழ 168,000 ஆகத் தாழ்ந்தது. மொலமுறே சபைக்கு மீண்ட ஆண்டும் அதுவே.

நிவித்திகலத் தொழிலாளரின் நிலைமையில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. நுவரெலியாவிலோ மஸ்கெலியாவிலோ தோட்டங்கள் மலைமலையாகத் தொடர்ந்து செல்லும்; தொழிலாளர் திரளாக வாழ்ந்தனர். சப்ரகமுவவில் அவ்வாறன்று. இரத்தினபுரியிலிருந்து களவானை நோக்கிச் செல்லும் வழியில் நிவித்திகலப் பகுதியை நோக்கினால், வயல், மாணிக்கக் குழி, சிங்களக் கிராமம், இறப்பர்க் காடு, தேயிலைச் சரிவு, லயம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊடாடிக் கிடக்கும். இத்தகைய நிலவமைப்பில் தொழிலாளர் சிதறுண்டு வாழ்ந்தனர். எந்தவொரு தொகுதியிலும் அவர்கள் தாமே ஒருவரைத் தெரிவு செய்யும் பலத்தைப் பெறவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுள் ஒன்றேனும் சப்ரகமுவவில் இல்லை. இங்குள்ள தொழிலாளரின் வாக்கு பிறரை வெல்லச் செய்யும் வாக்காக, பெரும்பாலும் இடதுசாரிகளுக்குத் துணைசெய்யும் வாக்காக இருந்தது. அதனாலேயே அது ஆபத்தான வாக்காகவும் கருதப்பட்டது.

சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டுகளில் கேகாலை மாவட்டத்தில் நிகழ்ந்த நேவ்ஸ்மயர் தோட்டப் போராட்டம் இதனைத் தெளிவாக்குகின்றது. அத்தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கத்தாற் கையேற்கப்பட்டது. நிலமற்ற சிங்கள விவசாயிக்கு நிலம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்நிலத்தைத் திருத்திப் பயிராக்கியவரைப் பற்றி எவரும் எண்ணவில்லை. வேலைநீக்கப்பட்ட தொழிலாளர் லயங்களை விட்டு வெளியேற மறுத்தனர். 1946 இல் மாவட்டத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. வெளியேற மறுத்தோர்மீது குற்றமுறை அத்துமீறல் வழக்குத் தொடுக்கப்பட்டது. மொலமுறேயின் குற்றத்தை வகுத்த அதே தண்டனைச் சட்டக்கோவையின் இன்னொரு பிரிவு அது. தான் வாழ்ந்த அறையிலேயே ஒரு தொழிலாளி அத்துமீறியவனானான். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பிறரைத் தொல்லைப்படுத்தும் எண்ணமின்றி, வேறு போக்கிடமில்லாமையாலும் தனக்கு உரிமை உண்டென்ற நம்பிக்கையாலும் தங்கியிருத்தல் அக்குற்றமாகாது என்ற அடிப்படையில், 1950 இல் தீர்ப்பு தொழிலாளியின் பக்கமாக அமைந்தது.

நீதிமன்றம் குற்றமற்றவர் என்று கூறிய அவ்வேளையில், சட்டமன்றம் தன் வேலையை முடித்திருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத லயங்களில் வாழ்ந்தவர் இரு தலைமுறைக்குச் சான்று காட்ட வேண்டியவராயினர். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்கு என்று விதித்து, 1931 முதல் இருந்த வாக்கையும் பறித்தது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் 780,589 பேர். இம்மூன்று சட்டங்களும் நிறைவேறிய பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் சேர். பிரான்சிஸ் மொலமுறே.

சபாநாயகர் சட்டங்களை ஆக்குபவர் அல்லர் என்பதனை நாம் மறக்கவில்லை. அச்சட்டங்களுக்குப் பொறுப்பு டி. எஸ். சேனநாயக்க அரசாங்கத்துடையது. அவ்வரசாங்கத்திற் சேர்ந்து அமைச்சரான ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பங்கும் தமிழ் வாசகர் அறியாததன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தமைக்கு இதுவே முதற் காரணமாகும். மொலமுறேயைத் தனியே குறை கூறுவதனால் வரலாறு விளங்கப் போவதில்லை. ஆயினும் அக்காட்சியை ஒருமுறை கண்முன் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். நீதிமன்றத்திற் குற்றம் நிறுவப்பட்ட ஒருவர் தம் உரிமைகளையெல்லாம் மீளப் பெற்று உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றார். எந்த நீதிமன்றத்திலும் எக்குற்றமும் சாட்டப்படாத இலட்சக்கணக்கானோரின் உரிமை அவர் முன்னிலையில், சபை ஒழுங்குகளுக்கு முற்றிலும் இணங்க, நீக்கப்படுகின்றது. முன்னவருக்கு இழப்பின் காலம் எண்ணப்பட்டிருந்தது. பின்னவருக்கு அவ்வாறு எண்ணப்படவில்லை.

இவ்வேறுபாடு மொலமுறேயுடன் முடியவில்லை. தல்கொடபிட்டிய ஆணைக்குழு இலஞ்சம் பெற்றோர் எனக் கண்ட அறுவர்மீது 1965 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் ஏழாண்டுக் குடியியல் தகுதியின்மையை விதித்தது. அவர்களுள் ஒருவரான கல்முனை உறுப்பினர் எம். எஸ். காரியப்பர் அதனை எதிர்த்துக் கோமறைக் கழகம் வரை சென்றார். 1967 இல் தோல்வியுற்றார். பெயர் குறித்துச் சட்டமியற்றி ஒருவரின் உரிமையைப் பறித்தல் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்ற அவரது வாதம் இன்றும் சட்டமாணவராற் படிக்கப்படுகின்றது. பெயரே குறிக்காமல் ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமையைப் பறித்த சட்டங்களைப் பற்றி அவ்வளவு வாதம் பாடநூல்களில் இல்லை. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழாண்டுகளுக்கு நீக்கப்பட்டது. அவர்மீது கூறப்பட்டது கையாடல் அன்று, அதிகாரத் துஷ்பிரயோகம். அந்நடவடிக்கையின் அரசியல் உள்நோக்கத்தை முற்போக்காளர் அன்றே கண்டித்தனர், கண்டித்தது சரியே. 1986 இல் ஏழாண்டு நிறைவதற்கு முன்பே மன்னிப்பு வந்தது.

சிறிமாவோவும் சப்ரகமுவ வளவுகளின் மகளே. பலாங்கொடை ரத்வத்தை குடும்பத்தில் வளர்ந்தவர். 1964 ஒக்டோபரில் அவர் லால் பகதூர் சாஸ்திரியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் பின்னர் 1974 இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். இங்கு முற்போக்கு அணியினராகிய நாமும் நம்மை நோக்கி ஒரு வினாவை எழுப்பவேண்டும். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைச் சபையில் உறுதியாக எதிர்த்தவர் சமசமாசிகள். 1964 ஜூனில் அதே கட்சி சிறிமாவோவின் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நிதியமைச்சராக இருந்தவர், கேகாலைக் கிராமங்களுக்குப் பருப்புக் கொண்டு சென்ற அதே என். எம். பெரேரா. வளவின் தொகுதியை வென்ற அரசியல், வளவின் அமைச்சரவையில் அமர்ந்து, தோட்டத்தைக் கைவிட்டது. இதனைக் கட்சிகளின் சூழ்நிலைத் தேவை என்று கூறிக் கடந்துவிட முடியாது. தொழிலாளரின் வாக்கு போனபின் அவர்களின் தேவையும் போயிற்று என்பதே கசப்பான விளக்கம்.

வாக்கில்லாதவனுக்கு நிகழ்வது என்ன என்பதனை நிவித்திகலப் பகுதியும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் எழுபதுகளிற் கண்டன. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்நியக் கம்பனியிடமிருந்து நிலத்தை மீட்டல் நாம் எல்லோரும் விரும்பிய நடவடிக்கையே. அந்நிலம் பகிரப்பட்டபோது தொழிலாளர் பங்காளராகவில்லை. பல இடங்களில் வேலை குறைந்தது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் அரிதாகித் தோட்டங்களிற் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. குடும்பம் குடும்பமாக வவுனியா நோக்கிச் சென்றோர் சென்றனர். தலைமன்னாரில் கப்பலேறியோரும் பலர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, காடுகளில் ஒளிந்திருந்தோர் சார்பிற் குரலெழுப்பச் சப்ரகமுவவிலிருந்து அவர்களால் தெரிவு செய்யப்பட்ட ஓர் உறுப்பினரேனும் சபையில் இருக்கவில்லை.

நாடற்றோராய் எஞ்சியோருக்கு 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமையை முழுமையாக வழங்கியது. 1948 இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

சேர். பிரான்சிஸ் மொலமுறே சபாநாயகர் பதவியில் இருக்கும்போதே 1951 ஜனவரி 25 இல் காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதற்கான இறுதி நாள். சட்டத்தைப் பகிஷ்கரிப்பதா ஏற்பதா என்று நெடுநாள் தயங்கிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் இறுதியில் விண்ணப்பிக்குமாறு தொழிலாளருக்குக் கூறியிருந்தது. பிரட்டுக்களத்திலிருந்து திரும்பியபின் லயத்து விளக்கொளியில் படிவங்கள் நிரப்பப்பட்டன. வந்த ஆண்டு, முதற் தோட்டம், மனைவி மக்களின் பெயர், தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று ஆகியன அவற்றிற் கேட்கப்பட்டன. செக்குரோலில் பேர் ஒருவாறும், பிறப்புத் துண்டில் இன்னொருவாறும் எழுதப்பட்டிருந்தால் விண்ணப்பம் திரும்பியது. ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் அந்நாளுக்குள் சேர்ந்தன. பத்தாண்டுக்கு மேல் நடந்த பரிசீலனையின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர்.